எக்ஸ்ட்ராக்டர் மாட்டிய பிறகு வரும் கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்துத் திருத்தும் வழி

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம், இஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்த் தொகுதியை ஹெடர் என்று யாரும் சொல்வதில்லை. எக்ஸ்ட்ராக்டர் என்றால்தான் ஒர்க்‌ஷாப்பிலும் புரியும், பெசி பூரோக் (பழைய இரும்பு) கடையிலும் புரியும். நானும் அப்படியே எழுதுகிறேன். வார்ப்பிரும்பு மெனிஃபோல்டைக் கழற்றிவிட்டு, குழாயை வெட்டி, சேர்த்து, வெல்டிங் அடித்து, வீட்டுப் பின்புறத்திலேயே ஒன்றைக் கட்டி மாட்டியவர்களுக்கு இது. சாவியைத் திருப்பிய பிறகு காடி (கார்) என்ன சொல்கிறது, அதற்கு எங்கே கை வைக்க வேண்டும் என்பதைத்தான் வரிசையாகச் சொல்லப்போகிறேன்.

என் கைக்கு வந்தவை பெரும்பாலும் புரோட்டோன் வீராவும் பழைய சாகாவும். 4ஜி15 இஞ்சின், 1468 சிசி, நாலு சிலிண்டர். அளவுகளை அதை வைத்தே சொல்கிறேன். வேறு இஞ்சின் என்றால் அளவு மாறும், காரணங்கள் மாறாது.

முதலில் ஒரு கணக்கு. 35 செ.மீ. நீளமுள்ள சாதாரண இரும்புக் குழாய், 600 பாகை செல்சியஸ் சூடேறினால் ஏறக்குறைய 3 மிமீ நீளும். அதே குழாய் 304 ஸ்டெயின்லெஸ் என்றால் 4 மிமீ பக்கம் வரும். ஒவ்வொரு முறை காடியை எடுக்கும்போதும் நாலு குழாயும் இப்படி நீள்கின்றன, நிறுத்தியதும் சுருங்குகின்றன. நாலும் ஒரே அளவில் நீள்வதுமில்லை. கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல், அந்த 3 மிமீக்குப் போக இடம் வைக்காததால் வந்தவை.

காடிக்குள் புகை வாசம் அடிக்கிறது

இது இருந்தால் மற்ற எதையும் படிக்க வேண்டாம், காடியை ஓட்டவும் வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூக்குக்கு எட்டுவது அதோடு கூட வரும் மற்றப் புகை. தலைவலியும் மந்தமும் வந்த பிறகு கண்ணாடியை இறக்குவது பாதுகாப்பு ஆகாது.

வீராவில் எக்சோஸ் ரேடியேட்டர் பக்கம் இருக்கிறது. அங்கே கசிந்தால், ஓடும்போது அடிக்கும் காற்று புகையை இஞ்சின் மேலே தள்ளிக்கொண்டு போய், முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் காற்று வாயிலில் சேர்க்கும். அங்கிருந்து நேராக உங்கள் மூக்குக்கு வரும். அதனால் கசிவை அடைத்தால் மட்டும் போதாது, ஃபயர்வாலில் கேபிளும் ஒயரும் நுழையும் ஓட்டைகளின் ரப்பர்கள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். சோதனைக்காக இஞ்சினை ஓடவிடுவதானால் திறந்த வெளியில் விடுங்கள். போர்ச்சில் சுவர் ஓரமாக நிறுத்தி ஓடவிட்டால் வீட்டுக்குள் புகை போகும். உள்ளே பிள்ளைகள் படுத்திருப்பார்கள்.

காலையில் டிக் டிக், சூடானதும் அடங்கிவிடுகிறது

இதுதான் அதிகம் வருவது. போன மழைக்காலத்தில் லிந்தாங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பையன் வீராவைக் கொண்டுவந்தான்.

"அண்ணே, காலையில ஸ்டார்ட் பண்ணா தையல் மிஷின் ஓடற மாதிரி கேக்குது. அஞ்சு நிமிஷத்துல நின்னுடுது. வால்வுன்னு சொல்லி ஒருத்தர் ரெண்டு தடவை கழட்டிட்டாரு."

"எக்ஸ்ட்ராக்டர் மாட்டி எத்தனை நாளாச்சு தம்பி?"

"மூணு வாரம்."

அதற்கு மேல் கேட்க வேண்டியதில்லை. வால்வு சத்தம் சூடானதும் இப்படி ஒரேயடியாக மறைவது குறைவு. பிளேஞ்சுக்கும் (குழாய்களை இஞ்சினோடு பிடிக்கும் தட்டு) ஹெட்டுக்கும் (இஞ்சினின் மேல்பாகம்) நடுவே உள்ள இடுக்கு மறையும். இரும்பு சூட்டில் நீண்டு அந்த இடுக்கைத் தானே அடைத்துக்கொள்கிறது, ஆறியதும் மறுபடி திறக்கிறது.

எந்த இடம் என்று கண்டுபிடிக்க இஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். முந்தின இரவு நிறுத்தியதை விடியற்காலை எடுப்பதுதான் நல்லது. வெக்யூம் கிளீனரின் ஊதும் பக்கத்துக் குழாயைப் பின்னால் எக்சோஸ் வாயில் வைத்துத் துணியால் இறுக்குங்கள். இஞ்சின் ஓடக்கூடாது. பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து, பிளேஞ்ச் ஓரம், வெல்டிங், குழாய்கள் ஒன்றுசேரும் கலெக்டர், ஆக்சிஜன் சென்சார் மரை எல்லாவற்றிலும் பிரஷ்ஷால் பூசுங்கள். கசியும் இடத்தில் நுரை பொங்கும். ஊசிக்கண் அளவு ஓட்டை என்றால் ஒரே ஒரு குமிழி மெதுவாக வளர்ந்து உடையும், மறுபடி வளரும். அந்தப் பையன் காடியில் நாலாவது சிலிண்டர் பக்கத்துக் கீழ் ஓரத்தில் நுரை வந்தது. விரலால் துடைத்துப் பார்த்தால், ஹெட்டின் அலுமினியத்தில் காக்கா இறகு விரித்த மாதிரி கரிக்கோடு. மூன்று வாரப் புகை போட்ட தடம்.

காரணம் பெரும்பாலும் ஒன்றே. வெல்டிங் முழுவதும் பிளேஞ்சின் குழாய்ப் பக்கத்தில் விழுகிறது. ஒட்டு ஆறும்போது சுருங்கி அந்தப் பக்கத்தை இழுக்கும். தட்டு வில்லாக வளையும். நடுவில் ஹெட்டைத் தொடும், இரண்டு முனையும் விலகி நிற்கும். அதனால் 1-ம் 4-ம்தான் முதலில் கசியும். கழற்றி, நேரான எஃகு அளவுகோலைப் பிளேஞ்ச் முகத்தில் நிறுத்தி வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் (இடுக்கை அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். 0.1 மிமீ வரை கேஸ்கட் சமாளிக்கும். 0.3 வரை என்றால் தடித்த கண்ணாடியின் மேல் மணல்தாளை ஒட்டி, எட்டு வடிவில் தேய்த்துச் சரி செய்யலாம்; ஒரு மணி நேரம் ஆகும், தோள் வலிக்கும். அதற்கு மேல் போனால் ஹெட் ஸ்கிம் பண்ணும் (முகத்தை மட்டமாகச் சீவும்) கடைக்குக் கொண்டுபோங்கள். நட்டை இன்னும் இறுக்கி வளைவை நிமிர்த்தப் பார்க்காதீர்கள். ஸ்டட் (ஹெட்டில் பதிந்து நட் ஏறும் மரைக்கம்பி) முறியும், இல்லாவிட்டால் அலுமினியத்தில் மரை உருவிக்கொண்டு வரும்.

அடுத்த முறை வளையாமலிருக்க: பிளேஞ்ச் 8 முதல் 10 மிமீ தடிப்பில் இருக்கட்டும். பெசி பூரோக் கடையில் உடைந்த ஹெட் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, பிளேஞ்சை அதில் எல்லா நட்டும் போட்டு இறுக்கியபடி வெல்டிங் செய்யுங்கள். ஒரு குழாயைச் சுற்றி ஒரே மூச்சில் ஓட்ட வேண்டாம். 1-ல் இரண்டு செ.மீ., பிறகு 4-ல், 2-ல், 3-ல் என்று தாவித் தாவிப் போங்கள். முடிந்த பிறகும் கை வைக்க முடிகிற அளவு ஆறும்வரை ஹெட்டிலிருந்து கழற்றக் கூடாது. அவசரப்பட்டுக் கழற்றினால் கண் முன்னாலேயே வளையும்.

பிளேஞ்சும் நீளும் என்பதை மறக்கக் கூடாது. 33 செ.மீ. தட்டு ஒன்று 300 பாகைக்குப் போனால் 1 மிமீக்கு மேல் நீள்கிறது. குளிர்நீர் ஓடும் ஹெட் அந்த அளவு நீள்வதில்லை. அதனால் நடு ஸ்டட் ஓட்டைகள் சரியான அளவிலும், ஓரத்து ஓட்டைகள் பக்கவாட்டில் சற்று நீள்வட்டமாகவும் இருக்க வேண்டும். நான் ஒருபடி மேலே போய், வெல்டிங் முடிந்ததும் 2-க்கும் 3-க்கும் நடுவில் தட்டை ஹேக்ஸா பிளேடால் அறுத்துவிடுவேன். இரண்டு துண்டும் அவரவர் போக்கில் நீண்டுகொள்ளும்.

சிவப்பு சிலிகான் பூசி அடைக்கலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். வேண்டாம். 300 பாகை சுற்றுவட்டாரத்தில் அதன் ஆயுசு முடிந்துவிடும். ஆக்சிஜன் சென்சார் உள்ள காடி என்றால் சிலிகான் ஆவி சென்சாரையும் கெடுக்கும்.

சத்தம் இல்லை, ஆனால் எண்ணெய் (பெட்ரோல்) அதிகம் குடிக்கிறது

புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் சென்சார் உள்ள காடியில் இதுவும் கசிவின் வேலைதான். எக்சோஸ் குழாய்க்குள் அழுத்தம் மட்டும் இருப்பதாக நினைக்கிறோம். ஒவ்வொரு அதிர்வலைக்குப் பின்னாலும் ஒரு உறிஞ்சல் வருகிறது. சென்சாருக்கு முன்னால் சின்ன இடுக்கு இருந்தால் அந்த நொடியில் வெளிக்காற்று உள்ளே போகும். சென்சார் ஆக்சிஜனைப் பார்த்து, கலவையில் பெட்ரோல் போதவில்லை என்று இஞ்சின் கம்ப்யூட்டரிடம் சொல்லும். கம்ப்யூட்டர் மேலும் பெட்ரோலை ஊற்றும். ஸ்பார்க் பிளக் கரிபிடித்து வரும், பின்வாயில் புகை கறுக்கும், ஆனால் சென்சார் அளவு மட்டும் காற்று அதிகம் என்றே காட்டும். பிளக்கும் சென்சாரும் எதிரெதிராகப் பேசினால் பிளக்கை நம்புங்கள், மேலே சொன்ன சோப்புத் தண்ணீரை எடுங்கள்.

கசிவே இல்லை என்றால் சென்சார் வைத்த இடத்தைப் பாருங்கள். ஒரே குழாயில் வைத்தால் ஒரு சிலிண்டரின் கதை மட்டும்தான் அதற்குத் தெரியும். நாலும் சேர்ந்த பிறகு, கலெக்டருக்குச் சற்றுக் கீழே வைக்க வேண்டும். ரொம்பப் பின்னால் தள்ளிவிட்டால் குழாய்க் காற்று ஆறி, ஹீட்டர் இல்லாத சென்சார் வேலை செய்யும் சூட்டுக்கே வராது. அதற்கு 300 பாகைக்கு மேல் வேண்டும். படுக்கையாகவோ தலைகீழாகவோ வைக்கக் கூடாது. கிடைமட்டத்துக்கு மேலே 10 பாகையாவது சாய்ந்து நிற்கட்டும், காலையில் குழாய்க்குள் வியர்க்கும் தண்ணீர் சென்சார் முனையில் தேங்காது. மரை எம்18, பிட்ச் 1.5. பழைய மெனிஃபோல்டிலிருந்து சென்சார் மாட்டும் மரைக் குமிழை அறுத்தெடுக்க நினைக்காதீர்கள். வார்ப்பிரும்பும் எஃகுக் குழாயும் சாதாரண வெல்டிங்கில் சேர்ந்து நிற்காது.

கம்பெனியிலிருந்து கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரோடு வந்த காடி என்றால் அது இருந்த மாதிரியே இருக்கட்டும்.

ஆக்சலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பின்னால் படபடவென்று வெடிக்கிறது

ஆக்சலரேட்டரை விட்டதும் வெடித்தால், உள்ளே போகும் வெளிக்காற்றில் எரியாத பெட்ரோல் குழாய்க்குள்ளேயே பற்றுகிறது. கலெக்டருக்கும் பின்குழாய்க்கும் நடுவே உள்ள இணைப்பில் தேடுங்கள். கார்ப்பரேட்டர் காடியில் ஐட்லிங் கலவையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வெல்டிங் ஓரத்தில் விரிசல்

அடைத்தேன், மறுபடி விட்டது, மறுபடி அடைத்தேன் என்று இரண்டு மூன்று தடவை ஆன பிறகுதான் இதைக் கொண்டுவருகிறார்கள். விரிசலின் மேலேயே மறுபடி மறுபடி வெல்டிங் அடிப்பதில் பலன் இல்லை. அது எங்கே விட்டது என்பதைப் பாருங்கள். இடமே காரணத்தைச் சொல்லிவிடும்.

பிளேஞ்சை ஒட்டிக் குழாயின் மேல்பக்கம் விட்டால், பின்னால் தொங்கும் பாரம் இழுக்கிறது. இதைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. இஞ்சின் ஆறியிருக்க, காடியை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது. கலெக்டருக்கும் பின்குழாய்க்கும் உள்ள போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்துங்கள். கடைசிப் போல்ட்டை உருவும்போது குழாயைக் கவனியுங்கள். இரண்டு முகமும் அப்படியே எதிரெதிரே நின்றால் நல்லது. டக்கென்று ஒரு பக்கமாகத் துள்ளி விலகினால், இத்தனை நாளும் உங்கள் வெல்டிங் ஒரு ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. நான் பார்த்த ஒன்றில் 12 மிமீ விலகியது. போல்ட் போட்டு இழுத்துச் சேர்த்தவர், அது பொருந்திவிட்டதென்று நினைத்திருக்கிறார். குளிரில் இப்படி இழுத்து நிற்கும் குழாய் சூட்டில் 3 மிமீ நீளும்போது, ஒட்டின் ஓரம்தான் விட்டுக்கொடுக்கும்.

அதற்கு மருந்து, பின்குழாயை அறுத்து, இழுக்காமல் தானாக வந்து நிற்கும்படி திரும்பச் சேர்ப்பது. ஹேங்கர் ரப்பர்கள் பாரத்தைத் தாங்க வேண்டும். எக்ஸ்ட்ராக்டர் தாங்கக் கூடாது. வீரா மாதிரி இஞ்சின் குறுக்காக இருக்கும் காடியில், ஆக்சலரேட்டர் கொடுக்கும்போது இஞ்சின் முன்னும் பின்னும் ஆடும். பின்குழாய் பாடியோடு நிற்கும். இரண்டுக்கும் நடுவே ஃபிளெக்ஸ் பைப் ஒன்று கட்டாயம் வேண்டும். கலெக்டரின் அடியிலிருந்து ஒரு பிராக்கெட் போட்டு இஞ்சின் பிளாக்கிலோ கியர்பாக்ஸிலோ பிடியுங்கள். பாடியில் பிடித்தால் முன்பைவிடச் சீக்கிரம் உடையும், ஏனென்றால் ஆடுவதோடு ஆடாததைக் கட்டிவிட்டீர்கள்.

கலெக்டரின் நடுவில், நாலு குழாயும் முட்டும் இடத்தில் விட்டால், அங்கே ஒட்டின் மேல் ஒட்டு குவிந்திருக்கிறது. அல்லது நாலு குழாயும் நேராக, குட்டையாக, விறைத்து நிற்கின்றன. வளைவு உள்ள குழாய் தன் வளைவிலேயே கொஞ்சம் நெகிழ்ந்து நீளத்தை வாங்கிக்கொள்ளும், விறைத்த குழாய்க்கு அந்த வழி இல்லை. 4-2-1 அமைப்பில் (நாலு குழாய் இரண்டாகி, பிறகு ஒன்றாவது) இரண்டாவது கட்டத்தை வெல்டிங் அடிக்காமல், குழாய்க்குள் குழாய் செருகி ஸ்பிரிங் போட்டு விட்டால் இந்தக் கோளாறு வருவது மிகவும் குறையும்.

ஸ்டெயின்லெஸ் குழாயில், வெளியே ஒட்டு வானவில் நிறத்தில் அழகாக இருந்தும் விட்டால், குழாயை அறுத்து உள்பக்கம் பாருங்கள். பாகு கருகிக் கட்டி கட்டியாகப் பொங்கிய மாதிரி கறுப்பாக இருக்கும். வெளியே ஆர்கான் வாயு காத்தது. உள்ளே காற்றில் இருந்த ஆக்சிஜன் உருகிய உலோகத்தைத் தின்றுவிட்டது. அந்த ஒட்டுக்குப் பாதித் தடிப்புதான் பலம். டிக் (TIG) வெல்டிங் செய்யும்போது குழாயின் இரண்டு வாயையும் டேப்பால் மூடி, ஒரு பக்கம் ஆர்கானை உள்ளே விட்டு, மறு பக்கம் சின்ன ஓட்டை வழியே பழைய காற்று வெளியேறும்வரை பொறுத்து, பிறகுதான் ஆர்க் தொட வேண்டும். இந்த வசதி இல்லாதவர்களுக்கு என் யோசனை: முதல் எக்ஸ்ட்ராக்டரைச் சாதாரண இரும்பில், 1.5 முதல் 2 மிமீ தடிப்பில், மிக் (MIG) வெல்டிங்கில், 0.8 மிமீ கம்பியில் கட்டுங்கள். அதற்கு உள்ளே ஆர்கான் வேண்டாம், நீள்வதும் குறைவு. நம் ஊர் ஈரத்தில் துரு பிடிக்கும்தான். வெப்பம் தாங்கும் பெயின்ட்டை அடித்து வைத்தால் சில வருஷம் உழைக்கும். கேட் செய்யும் கடையில் கிடைக்கும் பளபள ஸ்டெயின்லெஸ் குழாயை மட்டும் வாங்க வேண்டாம். கைப்பிடிக்காகச் செய்தது, 1 மிமீ தடிப்பே இருக்காது.

விட்டதை அடைக்கும் முறை: விரிசலின் இரண்டு முனையிலும் 2 மிமீ ஓட்டை போடுங்கள், அது மேலே ஓடாது. பிறகு கிரைண்டரால் விரிசல் நெடுக வி வடிவில் பள்ளம் தோண்டி, கரியும் பெயின்ட்டும் இல்லாத வெள்ளை இரும்பு தெரிந்த பிறகு வெல்டிங். துடைப்பதற்குக் குளோரின் கலந்த பிரேக் கிளீனரைத் தொடவே தொடாதீர்கள். ஆர்க் வெளிச்சத்திலும் சூட்டிலும் அதிலிருந்து ஃபொஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். காடியிலேயே வைத்து அடிப்பதானால் பேட்டரி ஒயரையும் கம்ப்யூட்டர் பிளக்கையும் முதலில் கழற்றுங்கள்.

மேட்டில் இழுக்கவில்லை, ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இஞ்சின் சுற்றும் அளவு) மேலே போனால்தான் ஓடுகிறது

பெரிய குழாய் போட்டால் பெரிய சக்தி என்ற நம்பிக்கை இந்தப் பக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது. செம்பனைத் தோட்டத்து மேட்டில் இரண்டாவது கியரில் காடி முக்கும்போதுதான் அது பொய் என்று தெரியும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். எக்சோஸ் வால்வு, பிஸ்டன் கீழ்நிலைக்கு வர கிராங்க் சுழற்சியில் 50 பாகை இருக்கும்போது திறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 180-உடன் 50 கூட்டினால் 230. அதை 850-ஆல் பெருக்கி, எந்த ஆர்பிஎம்மில் நல்ல இழுவை வேண்டுமோ அதால் வகுத்து, 3 கழித்தால் குழாய் நீளம் அங்குலத்தில் கிடைக்கும். 5500 ஆர்பிஎம்முக்கு 32.5 அங்குலம், அதாவது 82 செ.மீ. சொச்சம்.  4-2-1 என்றால் முதல் 38 செ.மீ. தனித்தனியாகவும், மிச்சம் இரண்டிரண்டாகச் சேர்ந்தும் போகும்.

உள்விட்டத்துக்கு: ஒரு சிலிண்டர் 367 சிசி. குழாய் நீளத்தோடு 3 கூட்டி, 25-ஆல் பெருக்கி, அதால் 367-ஐ வகுத்து, வர்க்கமூலம் எடுத்து 2.1-ஆல் பெருக்கினால் 1.35 அங்குலம், 34 மிமீ. வெளிவிட்டம் 38 மிமீ, தடிப்பு 1.5 உள்ள குழாய்க்கு உள்விட்டம் 35. அதுதான் உங்கள் குழாய். 45 மிமீ குழாய் போட்டவருக்கு உள்விட்டம் 42, பரப்பு 44 விழுக்காடு கூடிவிட்டது. அதே புகை அகலமான பாதையில் மெதுவாகப் போகும். குறைந்த ஆர்பிஎம்மில் அது அடுத்த சிலிண்டரை இழுத்துக் காலி செய்யாது.

குழாய் அளவு சரியாக இருந்தும் இழுக்கவில்லையா, எதை எதோடு சேர்த்தீர்கள் என்று பாருங்கள். இந்த இஞ்சின் 1-3-4-2 என்று வெடிக்கிறது. அதனால் 1-ஐ 4-உடனும், 2-ஐ 3-உடனும் சேர்க்க வேண்டும். ஒரு ஜோடிக்குள் இரண்டு வெடிப்புக்கும் நடுவே 360 பாகை இடைவெளி கிடைக்கும், ஒன்றை ஒன்று தள்ளாது. பக்கத்தில் இருக்கிறதே என்று 1-ஐ 2-உடன் சேர்த்தவர்கள் இருக்கிறார்கள். வெட்டுவதற்கும் ஒட்டுவதற்கும் அது சுலபம். ஆனால் 180 பாகையில் ஒன்றின் மேல் ஒன்று மோதி, பிறகு 540 பாகை சும்மா கிடக்கும். ஐட்லிங்கிலேயே சத்தம் சீராக வராது. இதற்கு அறுத்துத் திரும்பக் கட்டுவதைத் தவிர வழி இல்லை.

ஜோடியும் சரியென்றால் உள்ளே அடைப்பு. வளைவு நசுங்கியிருக்கலாம், ஒட்டு உள்பக்கம் சொட்டி நிற்கலாம், கேஸ்கட் வாயை மறைக்கலாம். 32 மிமீ பேரிங் குண்டு ஒன்றைக் குழாயில் உருட்டிவிடுங்கள். நாலிலும் அது மறுபக்கம் வந்து விழ வேண்டும். மணல் நிரப்பிச் சூடாக்கிக் குழாயை வளைப்பவர்கள், மணலை முதலில் வாணலியில் வறுத்து ஈரத்தைப் போக்குங்கள். ஈர மணலை அடைத்துச் சூடாக்கினால் ஆவி அடைப்பை வெடித்துத் தள்ளும். எதிரே முகம் இருந்தால் என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சைலன்சரைக் கழற்றினால் இழுவை வந்துவிடும் என்று சொல்வதைக் கேட்காதீர்கள். சத்தம்தான் வரும். மோட்டார் வாகன ஒலிக்கு 1987-லிருந்து விதிமுறை இருக்கிறது, சாலைத் தடுப்பில் அதற்கும் சம்மன் கிடைக்கும்.

குழாய் சிவக்கிறது

இருட்டில், நீண்ட மேடு ஏறி வந்த உடனே பானெட்டைத் திறந்தால் மங்கலாகச் சிவப்பது மெல்லிய குழாயில் இயல்பு. 500 பாகை தாண்டியதும் இரும்பு இருட்டில் ஒளிரத் தொடங்கும். ஐட்லிங்கில் நிற்கும்போதே நாலும் சிவந்தால் டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்) பின்தங்கியிருக்கிறது: எரிவது சிலிண்டரில் முடியாமல் குழாய்க்குள் முடிகிறது. டைமிங் லைட் வைத்துப் பாருங்கள்.

ஒன்று மட்டும் வேறுபட்டால், குளிர்ந்த இஞ்சினை எடுத்து அரை நிமிடத்தில் நாலு குழாயிலும் தண்ணீர் தெளியுங்கள். மூன்றில் சுர்ரென்று ஆவியாகி, ஒன்றில் ஈரம் அப்படியே நின்றால் அந்தச் சிலிண்டர் வெடிக்கவில்லை. பிளக், ஒயர், பிறகு கம்ப்ரஷன் என்று போங்கள்.

பள்ளத்தில் இறங்கினால் தட்டுகிறது, பிளாஸ்டிக் கருகும் வாசம்

இஞ்சினை நிறுத்தி, கட்டையால் முன்னும் பின்னும் நெம்பிப் பாருங்கள். பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை உருட்டிக் குழாய்க்கும் குறுக்குச் சட்டத்துக்கும் நடுவே வைத்துவிட்டு நெம்பினால், நசுங்கிய தடிப்பே உங்கள் இடைவெளி. 20 மிமீக்குக் குறைந்தால் இஞ்சின் மவுன்ட் ரப்பரைப் பாருங்கள். பழைய மவுன்ட்டை வைத்துக்கொண்டு குழாயைத் திரும்ப வளைப்பது வீண் வேலை. ரேடியேட்டர் விசிறியின் பிளாஸ்டிக் கூண்டும், அதன் ஒயரும் 25 மிமீ தள்ளி இருக்கட்டும். முடியாவிட்டால் நடுவே அலுமினியத் தகடு, குழாயைத் தொடாமல். சூட்டுத் துணி சுற்றுவதை நான் சாதாரண இரும்புக்குச் செய்வதில்லை. மழைநீரைப் பிடித்து வைத்துக்கொண்டு அடியிலேயே குழாயைத் தின்றுவிடுகிறது.

வெல்டிங் அடித்த இரவு குளிர்க்காய்ச்சல்

காடிக்கு வந்த கோளாறு இல்லை இது, உங்களுக்கு வந்தது. தோட்டத்துத் தண்ணீர்க் குழாய் வெள்ளையாக, கனமாக, வீட்டுக்கு வீடு கிடக்கிறது. ஜிஐ பைப். அதன் மேல் பூச்சு துத்தநாகம். 907 பாகையில் கொதித்து வெள்ளைப் புகையாகிவிடும். வெல்டிங் குட்டையோ 1500 பாகைக்கு மேல். என் அப்பா தோட்டத்து இஞ்சின் ரூமில் வேலை செய்தவர். ஒருநாள் முழுக்க ஜிஐ பைப் ஒட்டிவிட்டு வந்து, இரவெல்லாம் இரண்டு கம்பளிக்குள் நடுங்கியது எனக்கு நினைவிருக்கிறது. வாயில் இனிப்பாக இரும்புச் சுவை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பால் குடித்தால் முறிந்துவிடும் என்று ஊரில் சொல்வார்கள். அதை நம்பி அடிக்காதீர்கள். மூச்சு இறுக்கம் இருந்தால் கிளினிக்கில் என்ன வேலை செய்தீர்கள் என்று சொல்லிக் காட்டுங்கள். எக்ஸ்ட்ராக்டருக்கு ஜிஐ பைப் வேண்டவே வேண்டாம்.

நட் தானாகத் தளர்கிறது, ஸ்டட் முறிகிறது

புது கேஸ்கட் முதல் சில சூட்டில் அமுங்கும். அமுங்கிய அளவுக்கு நட் தளரும். மாட்டிய அன்று, ஓடி ஆறிய பிறகு, ஒரு வாரம் கழித்து, மூன்றாவது வாரம் என்று நாலு முறை இறுக்க வேண்டும். எப்போதும் ஆறிய பிறகு, நடுவிலிருந்து தொடங்கி மாறி மாறி ஓரத்துக்கு. எம்8 ஸ்டட்டுக்கு 20 நியூட்டன் மீட்டர் சுற்றுவட்டாரம் போதும், உங்கள் இஞ்சின் கையேடு சொல்லும் அளவு இருந்தால் அதுவே சரி. செம்பு நட் கிடைத்தால் வாங்குங்கள், துருவேறிப் பிடிக்காது.

பழைய ஸ்டட் திரும்பவில்லை என்றால் பலம் கொடுக்காதீர்கள். முந்தின இரவே ஊடுருவும் எண்ணெய் விட்டு வையுங்கள். காலையில் நட்டைக் கேஸ் விளக்கால் சூடாக்கி, மெழுகுவர்த்தியை மரை ஓரத்தில் தொட்டால் மெழுகு உருகி உள்ளே ஓடும். பிறகு கால் சுற்று இறுக்கி, கால் சுற்று தளர்த்தி, அப்படியே முன்பின்னாக ஆட்டி எடுங்கள். கறீச் என்று சத்தம் வந்தால் அசைகிறது. சத்தமே இல்லாமல் ரப்பர் மாதிரி மெதுவாகத் திரும்பினால் நிறுத்திவிடுங்கள்: ஸ்டட் முறுக்கிக்கொண்டிருக்கிறது. மறுபடி சூடாக்கி, மறுபடி மெழுகு வையுங்கள்.